எரிந்தவன் வைத்த ஒப்பாரி

ஆம்பூரில் காமன் பண்டிகை என்றால் வருஷா வருஷம் தனகோடிதான் ரதி. சேலை கட்டிக்கொண்டு, எரிந்துபோன மன்மதனுக்காக அவன் ஒப்பாரி வைத்தால், தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழி மிதிக்கிற முரட்டு ஆட்கள்கூட மூக்கைச் சிந்துவார்கள். அந்தப் பேரே அவனுக்கு வினையாயிற்று. பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டிலும், "சேலை கட்டி அழுவறவனுக்கா பொண்ணு?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது இடம் ஆலங்காயம். பெண்ணின் அப்பா வேதாசலம், பையனைப் பண்டிகையிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். தனகோடி, பண்டிகை நடத்தும் சின்னசாமியிடம் ஓடினான்.

"மாமா, இந்த வருசம் நான் மன்மதன். இல்லன்னா எனக்கு வேசமே வாணாம்."

"அப்ப ரதியா யார்ரா அழுவறது?"

"ஏகாம்பரம் இருக்கான். நல்ல குரலு."

"குரலு கெடக்குது. அழுவ வருமா அவனுக்கு?" முணுமுணுத்துக்கொண்டேதான் சின்னசாமி ஒத்துக்கொண்டார்.

தனகோடி மீசை வளர்த்தான். தோல் கிடங்கில் அவனோடு வேலை செய்யும் சத்தார், "இன்னா ரதியம்மா, மூக்குக்குக் கீழ கறுப்பா இன்னாவோ ஒட்டிக்கினு இருக்குது?" என்று கேட்டுக் கேட்டுப் பேஜார் பண்ணினான்.

மாசிப் பௌர்ணமி. நிலா கிளம்பும் நேரத்தில், நட்டுவைத்த ஆமணக்குக் கம்பமும் அதைச் சுற்றிய வைக்கோலும் பற்றிக்கொண்டன. மன்மதன் எரிந்துவிட்டான். தனகோடி முறைப்படி விழுந்தான். மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். எரிந்த மன்மதன் வாய் திறக்கக் கூடாது. முன்வரிசையில் வேதாசலம்.

ஏகாம்பரம் ஆரம்பித்தான். சந்தையில் கத்தரிக்காய் கூவுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது அடியை விழுங்கிவிட்டு மூன்றாவதற்குத் தாவினான். கூட்டம் சிரித்தது. துணிக்கடியில் தனகோடி பல்லைக் கடித்தான். இழுடா பாவி, இழுத்து அழு. ஏகாம்பரம் மறுபடி முதலிலிருந்து பிடித்து, மறுபடி அதே இடத்தில் வழுக்கினான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தனகோடி துணியை உதறி எழுந்து உட்கார்ந்தான்.

"கரும்பு வில்லு ஏந்துன கையி கரியாப் போச்சுதே..."

பச்சை பூசிய முகம், முறுக்கு மீசை, பெண் குரல். தன் சாவுக்குத் தானே மாரடித்து அழுதான். சிரிப்பு நின்றது. ஓரிடத்தில் யாரோ விம்மினார்கள், பிறகு எல்லோரும். சின்னசாமி தலையில் அடித்துக்கொண்டே அழுதார்.

பாட்டு முடிந்த பிறகுதான் தனகோடிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. வேதாசலம் துண்டால் கண்ணைத் துடைத்தபடி வந்தார்.

"தம்பி, எங்க ஊர்ல நாளன்னிக்கு காமன் கொளுத்துறோம். நீதான் ரதியா வரணும். மீசைய மட்டும் எடுத்துடு."

"பொண்ணு விசயம்..."

"அட, இம்மாம் பெரிய ரதிய எவனாச்சும் மாப்ளயாக்கி வீணாக்குவானா?"

தோளில் தட்டிவிட்டு வண்டி ஏறினார்.

ஏகாம்பரம் சேலையை அவிழ்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தான். "அண்ணே, அந்த ரெண்டாவது அடி இன்னாண்ணே?"

தனகோடி ஓங்கி ஓர் அறை விட்டான்.