தூக்கியவனைத் தூக்கியவன்

ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போன ஆட்டக்காரன் பாதி வழியில் எழுந்து, தன்னைத் தூக்கிக்கொண்டு போனவனையே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னபோது பிசியோதெரபி செய்ய வந்த பெண் சிரிக்கக்கூட இல்லை. கையிலிருந்த வாக்கரைத் தரையில் ஊன்றி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் அங்கிள், அவருக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்றாள்.

அவர் என்பது என் மைத்துனன், என் மனைவியின் தம்பி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, புது மூட்டு உங்கள் ஆயுசுக்கும் வரும், நீங்கள் போன பிறகும் அது இருக்கும் என்று டாக்டரே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து இவன் அந்தக் காலைத் தரையில் வைக்கவில்லை. பிசியோ பெண் தினமும் வந்து கெஞ்சுவாள். கட்டில் விளிம்புவரை நகர்ந்து வருவான். பாதம் தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும், வலிக்குது என்பான்.

"இன்னும் கால ஊனவே இல்லையே சார். அதுக்குள்ள எப்படி வலிக்கும்?"

"ஊனினா வலிக்கும்ல?"

இந்த வாதத்துக்கு மருத்துவத்தில் பதில் இல்லை போலிருக்கிறது. அன்றைக்கு அவள் என் மனைவியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள். இன்னும் சில நாள் இப்படியே விட்டால் முட்டி இறுகிப்போகும், அப்புறம் மடங்காது, மனிதர் மிச்ச வாழ்க்கையைக் கட்டிலிலேயே கழிக்க வேண்டியதுதான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளை அழவிட்டால் எனக்கு இரவுச் சாப்பாட்டில் உப்பு இருக்காது. ஆகவேதான் நான் அந்தக் கதையை எடுத்தேன். வேறு உள்நோக்கம் எதுவும் கிடையாது. இருந்தாலும் கொஞ்சம்தான்.

நானும் அவனும் ஒரு பெரிய கால்பந்து கிளப்பில் ஸ்ட்ரெச்சர் தூக்கிகளாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் பின்பக்கம், அவன் முன்பக்கம். அவனுடைய எடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் ஏறினால் பேருந்து ஒரு பக்கம் சாயும். ஓட்டுநர் யார் ஏறியது என்று கண்ணாடியில் பார்ப்பார். அப்படிப்பட்டவனை முன்னால் விட்டால்தான் கூட்டம் விலகும் என்று கிளப்பில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் தொழிலுக்கு இரண்டு விதி. ஒன்று, இரண்டு பேரும் ஒரே காலை எடுத்து வைக்கக் கூடாது. வைத்தால் ஸ்ட்ரெச்சர் தொட்டில்போல ஆடி, படுத்திருப்பவன் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். இது எங்களுக்கு ஊறிப்போய், கடைத்தெருவில் நடந்தாலும் நான் வலது வைத்தால் அவன் இடதுதான் வைப்பான். இரண்டாவது விதி, முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் யார் அலறினாலும் சரி, செத்தாலும் சரி.

அலறல் என்றால் என்ன அலறல். உலகத்தில் உள்ள நடிகர்களை எல்லாம் நான் படுக்க வைத்துத் தூக்கியிருக்கிறேன். கோட்டுக்குள்ளே உயிர் போய்க்கொண்டிருக்கும். கோட்டைத் தாண்டி இரண்டடி வைத்ததும் இறங்கி ஓடிப்போய் மறுபடி ஆடுவார்கள். ஒருத்தன் முகத்தை மூடிக்கொண்டு கதறியபடியே விரலிடுக்கில் என்னைப் பார்த்து, "மெதுவாப் போங்கண்ணே, நாங்க ஒரு கோல் முன்னாடி இருக்கோம்," என்றான். இன்னொருத்தன் கேமரா பக்கம் போகும்போது முடியைச் சரிசெய்துகொண்டான். அவர்கள் பெயரெல்லாம் சொன்னால் நாலு நாட்டுக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும்.

"நாலு நாடா. பக்கத்து ஊர்க்காரனுங்க," என்றான் மைத்துனன் கட்டிலிலிருந்து.

இதுதான் அவனிடம் உள்ள வியாதி. முட்டியைக்கூட மாற்றிவிட்டார்கள், இதை மாற்ற முடியவில்லை. நான் எந்தக் கதையைச் சொன்னாலும் திருத்துவான். மழை என்றால் தூறல் என்பான். ஐம்பதாயிரம் பேர் என்றால், பாதி நாற்காலி காலி மாமா என்பான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் திருத்திவிட்டுத்தான் மறுபடி தூங்குவான்.

நிஜமான வலியும் எங்களுக்குத் தெரியும். அது சத்தமே போடாது. அப்படிச் சத்தம் போடாமல் விழுந்தவன்தான் எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன். பந்தோடு ஓடும்போது யாரும் தொடாமலேயே முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. நாங்கள் தூக்கிக்கொண்டு போகும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பருவம் முழுக்க அவனைக் காணவில்லை. அறுவை, கட்டு, ஊன்றுகோல், தண்ணீர்த் தொட்டியில் நடை, தனியாக மைதானத்தைச் சுற்றி ஓட்டம். எல்லாரும் பந்து விளையாட, இவன் ஓரத்தில் ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டிருப்பான். திரும்பி வந்தபோது அவன் முட்டி இரும்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பயிற்சியில் மான் மாதிரி ஓடினான். ஆனால் ஆட்டத்தில் எதிராளி ஒருத்தன் பக்கத்தில் வந்தால் போதும், அவன் தொடுவதற்கு முன்னாலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவான். நாங்கள் ஓடுவோம், தூக்குவோம். உள்ளே டாக்டர் அழுத்திப் பார்ப்பார், திருகிப் பார்ப்பார், ஒன்றும் இருக்காது. ரசிகர்கள் அவனுக்குக் கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். விழுந்தால் கேலிப் பாட்டுப் பாடினார்கள். அவன் எங்கள் ஸ்ட்ரெச்சரில் ஏறிய தடவைகளுக்கு நியாயமாக அவன் பெயரையே அதில் பொறித்திருக்க வேண்டும்.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் கோச் எல்லார் காதிலும் விழும்படியே சொன்னார். இன்னொரு தடவை ஸ்ட்ரெச்சரில் வெளியே வந்தால், அப்படியே வீட்டுக்குப் போய்விடு, அடுத்த வருஷம் உனக்கு இங்கே இடம் கிடையாது. கண்ணாடி தலையை ஆட்டினான். பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். என் மைத்துனன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு இரண்டு சிற்றுண்டிப் பொட்டலத்தில் ஒன்றைத்தான் தின்றான். அவ்வளவு கவலை.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் பந்துக்காக வந்தான். ரயில் எஞ்சின் மாதிரி இருப்பான், கழுத்தே கிடையாது. கண்ணாடி விழுந்தான்.

நாங்கள் தூக்கினோம். பாட்டு ஆரம்பித்தது. எங்கள் அணி மாற்று ஆட்டக்காரர்களை ஏற்கெனவே இறக்கித் தீர்த்துவிட்டதால், டாக்டர் கோச்சோடு நின்று யாரை எந்த இடத்துக்கு மாற்றுவது என்ற சண்டையில் மாட்டிக்கொண்டார். நாங்கள் மூன்று பேர் மட்டும் பார்வையாளர் மாடத்துக்கு அடியில் போகும் நடைபாதைக்குள் நுழைந்தோம். சுரங்கம் மாதிரி இருக்கும். உள்ளே போனதும் பாட்டுச் சத்தம் அமுங்கிவிடும். எங்கள் செருப்புச் சத்தம்தான் கேட்கும். கண்ணாடி முகத்தை மூடியிருந்த கையை எடுத்தான்.

"எனக்கு வலிக்கலண்ணே," என்றான். "வலிக்குமோன்னு விழுந்துட்டேன்."

எத்தனையோ வருஷமாக வலிக்கிறது, வலிக்கிறது என்ற பொய்யை மட்டுமே கேட்டுப் பழகிய காதுகள் எங்களுடையவை. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு ஒருத்தன் வலிக்கவில்லை என்று சொன்னது சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. என் மைத்துனன் திரும்பிப் பார்த்துவிட்டான். நடைபாதையில் ஒரு படி உண்டு. ஆயிரம் தடவை இறங்கிய படி. கால் பிசகியது. கட்டடம் இடிவதுபோல விழுந்தான். மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நில அதிர்ச்சி என்று எழுந்து நின்றதாகப் பிற்பாடு கேள்வி.

"யாரும் எழுந்திரிக்கல," என்றான் மைத்துனன்.

"விழுந்ததை ஒத்துக்கிறீங்களா சார்?" என்றாள் பிசியோ பெண்.

விழுந்ததை எப்போதும் ஒத்துக்கொள்வான். அதற்குப் பிறகு நடந்ததில்தான் தகராறு. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் தரையில் மோதியதும் கண்ணாடி சறுக்கு மரத்தில் வருவதுபோல வழுக்கி வந்து இரண்டு காலிலும் நின்றான். நின்றதை அவன் கவனிக்கவில்லை. என் மைத்துனன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல், வாயைத் திறந்தபடி கிடந்தான். சத்தம் போடாத வலி என்னவென்று கண்ணாடிக்கும் தெரியும். குனிந்தான். அவ்வளவு பெரிய உடம்பை ஒரே எம்பில் தூக்கித் தோளில் போட்டான். ஓடினான். நான் காலி ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். மருத்துவ அறையில் ஒரு ஈ காக்கை இல்லை. இவனை மேசையில் இறக்கி, ஐஸ் பையைக் கணுக்காலில் வைத்துவிட்டு நிமிர்ந்தவன், அப்போதுதான் தன் முட்டியைப் பார்த்தான். குனிந்து தொட்டுப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நானும் அந்த முட்டியைப் பார்த்தேன். அவ்வளவுதான், வந்த வழியே ஓடிவிட்டான்.

கோட்டருகே நின்று கையைத் தூக்கினான். நடுவர் தலையசைத்ததும் உள்ளே போனான். கோச் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் அந்தக் கழுத்தில்லாத எஞ்சின் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை நிஜமாகவே மோதினான். அதே முட்டி. கண்ணாடி புல்லில் உருண்டு போய்க் கிடந்தான். பாட்டுப் பாடியவர்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். நான் எழுந்துவிட்டேன். ஆனால் ஸ்ட்ரெச்சருக்கு இரண்டு பேர் வேண்டுமே. ஒற்றை ஆளாக ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, கலப்பையோடு வயலைத் தேடுகிறவன்போல் கோட்டோரம் நின்றேன். கண்ணாடி எழுந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். உள்ளங்கையைக் கவிழ்த்து, உட்காருங்கள் என்று சைகை காட்டினான். காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ஓடினான்.

அதற்குப் பிறகு மூன்று கோல் போட்டான்.

"ஒண்ணுகூட இல்ல. ஒண்ணு கம்பத்துல பட்டுச்சு," என்றான் மைத்துனன்.

இருக்கட்டும். அடுத்த வருஷமும் அவன் எங்கள் கிளப்பில்தான் ஆடினான், அதற்கடுத்த பல வருஷமும். தொலைக்காட்சிக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் அம்மாவுக்கும் கடவுளுக்கும் டாக்டருக்கும் நன்றி சொன்னான். எங்களைப் பற்றிச் சொன்னால் தான் வலிக்காமல் விழுந்த கதையும் வெளியே வருமே. ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் பெஞ்சைத் தாண்டி ஓடும்போது என் மைத்துனனைப் பார்த்துத் தன் தோளைத் தட்டிக் காட்டுவான். இவன் உடனே வானிலை ஆராய்ச்சியில் இறங்கிவிடுவான். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான். தூக்குகிற தொழிலில் இருப்பவன் தூக்கப்பட்டான் என்று தெரிந்தால் வெளியே தலைகாட்ட முடியாதாம். ஓய்வு பெறும்வரை காப்பாற்றினேன். அதற்கப்புறம் நான் சொல்லாத ஆளில்லை, நம்பிய ஆளுமில்லை. நானேதான் மாமா நொண்டி நொண்டி நடந்து போனேன் என்று இவன் ஒரே பிடியாகச் சாதித்தான். அக்காவும் தம்பி பக்கம்தான்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள் என் மனைவி அன்றைக்கும். "இவன் உடம்ப யாராவது தோள்ல போட முடியுமா? அதுவும் முட்டி அறுத்தவன்."

"போட்டானே," என்றேன். "இந்தா, இப்படிக் குனிஞ்சான். வலது தோள்ல சாக்கு மூட்டை மாதிரி..."

"இடது தோளு," என்றான் மைத்துனன்.

பிசியோ பெண் வாக்கரின் பிடியைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். என் மனைவி மெல்லத் தம்பி பக்கம் திரும்பினாள். எந்தத் தோள் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. வலது என்று சும்மா சொல்லி வைத்திருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். அவன் போர்வையின் ஓரத்தைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான்.

"அவ்வளவு தூரமும் தலைகீழாத் தொங்கிட்டே வந்தேன்க்கா," என்றான். "கண்ணுக்கு நேரா அந்த முட்டிதான். இப்ப ஒடஞ்சிரும், இப்ப ஒடஞ்சிரும்னு அதையே பாத்துட்டு வந்தேன். என் கனம் எனக்குத் தெரியாதா."

"ஒடஞ்சுதா?" என்றாள் பிசியோ பெண்.

"ஆடக்கூட இல்லம்மா."

அவள் வாக்கரைக் கட்டிலுக்கு அருகே நகர்த்தினாள். அவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனே ஒத்துக்கொண்டதை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

"மாமா சொன்னது நெசந்தான்," என்றான். பாதம் விளிம்பைத் தாண்டி இறங்கி, அந்த ஒரு சாண் உயரத்தையும் தாண்டி, கட்டைவிரல் தரையின் குளிர்ச்சியைத் தேடிக்கொண்டிருந்தது. "மூணு கோல்தான் பொய்."