லமீனின் மூக்குக்கு ஒரு பரீட்சை

பதினேழு! நாற்பதுக்குப் பதினேழு வாங்கியிருக்கிறாராம் என் புருஷன். கணக்குப் பரீட்சையில் இல்லை, மூக்குப் பரீட்சையில். ட்யூனிஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் இப்திசாம் அதைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அந்தப் பரீட்சைப் புத்தகத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசியிருப்பேன். லமீன் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

விஷயம் இதுதான். என் மாமனார் கை நடுங்கி, நடை குறுகி, கடைசியில் முகம் பலகை மாதிரி இறுகிப்போய்த்தான் செத்தார். போன வருஷம் லமீனின் அண்ணன் கமைஸுக்கும் கரண்டி பிடிக்கிற கை ஆட ஆரம்பித்தது. குடும்பத்து ரத்தத்தில் வருகிற வியாதி என்று தெரிந்ததும், கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் வரச் சொன்னார் டாக்டர். லமீனுக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் ஊர் நாபூலிலிருந்து தலைநகர் ட்யூனிஸுக்கு தினமும் நாலு நடை ஷேர் வண்டி ஓட்டுகிற மனுஷன். ஊசியில் நூல் கோக்கச் சொன்னால் ஒரே குத்தில் கோத்துவிடுவார். இவருக்கு ஒன்றும் இருக்காது என்று நான்தான் தெம்பாகக் கூட்டிப் போனேன்.

அங்கே கையில் கொடுத்தது ஒரு சின்னப் புத்தகம். பக்கத்தைப் பென்சிலால் சுரண்டி, மோந்து பார்த்து, நாலு பதிலில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அந்தப் பதில்களைப் படித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டரம்மா, இது என்ன, பூசணிக்காய்ப் பணியாரமா? எங்க தெருவுல எவ வீட்டுல பூசணிக்காயில பணியாரம் சுடறா? இந்த வேர் சோடாவை எந்த நாட்டுக்காரன் குடிக்கிறான்? பிறந்ததுலேர்ந்து மோந்தே பார்க்காத சாமானைக் காட்டிட்டு, என் புருஷன் மூக்கு செத்துப்போச்சுன்னு எழுதுவீங்களா?"

"லல்லா ஃபௌசியா," என்று மரியாதை போட்டே ஆரம்பித்தார் டாக்டர். "நீங்க கேக்கறது நியாயம்தான். வெளிநாட்டுச் சாமானையெல்லாம் கழிச்சுட்டுத்தான் பார்த்தேன். கழிச்சாலும் கம்மியாத்தான் இருக்கு. இந்த வியாதி சில பேருக்குக் கை நடுங்குறதுக்குப் பல வருஷம் முந்தியே மூக்குல ஆரம்பிச்சுடும். மூளையில வாசனை பிடிக்கிற இடத்துல நரம்பு செல்லெல்லாம் ஒவ்வொண்ணாச் சாகும்."

"வாசனை வரலைன்னா அவருக்குத் தெரியாதா?"

"தெரியாமலே போகலாம். மிச்சம் இருக்குற செல்லை வெச்சு மூளை சமாளிக்கும். கண்ணு பார்த்ததையும் பழைய ஞாபகத்தையும் சேர்த்து இட்டு நிரப்பிடும்."

"எனக்கு நல்லாத்தான் வருது," என்றார் லமீன், கைக்குட்டையை மடித்துக்கொண்டே. "இந்தப் புத்தகம்தான் காகித நாத்தம் நாறுது."

"கேட்டீங்களா?" என்று நான் எழுந்துவிட்டேன். குடும்ப வியாதி இவருக்கும் இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் டாக்டர். ஒரு சொட்டுக்கூடக் கிடையாது என்று வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன். வண்டியில் வந்த ஏழு பயணிகளும் நாபூல் வரைக்கும் என் வாயைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள், பாவம்.

மறுநாள் விடிந்தும் என் கோபம் அடங்கவில்லை. நாரத்தம்பூக் காலம் வேறு. காலையிலேயே ஏணியில் ஏறி இரண்டு துணி நிறையப் பூ உதிர்த்து, பூத்தண்ணீர் வடிக்கிற செம்பில் கொட்டி, அடுப்பை மூட்டிவிட்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. நம் ஊர்ச் சாமானை வைத்து நாமே பரீட்சை வைத்தால் என்ன?

"யோவ், இங்க வந்து உக்காரு!"

அடுக்களை மேஜையில் அஞ்சு மூடி வைத்த ஜாடிகளை வரிசையாக வைத்தேன். இருக்கிறதிலேயே காட்டமானதாகப் பார்த்துப் பொறுக்கினேன். யாரும் என்னைப் பித்தலாட்டக்காரி என்று சொல்லக் கூடாது என்று ஜாடிகளைத் துணியால் சுற்றியிருந்தேன்.

"ஹரிசா மிளகாய் விழுது," என்றார் மூடியைத் திறந்ததும். "இது வினிகர். இது பச்சை வெங்காயம். இது புதினா. அய்யோ, இது தரை கழுவுற ஜாவெல், கொல்லப் பாக்கறியாடி?"

அஞ்சுக்கு அஞ்சு! நான் அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டேன்.

"டாக்டரம்மா, உங்க புத்தகத்தைக் குப்பையில போடுங்க!" என்று ஆரம்பித்து அஞ்சு சாமானையும் ஒப்பித்தேன். டாக்டர் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"லல்லா, நீங்க வெச்சதெல்லாம் மூக்கைக் குத்துற சாமான். குத்தறதும் எரியறதும் வேற நரம்பு. அது அவருக்கு நல்லாத்தான் இருக்கு. குத்தாத வாசனையா வெச்சுப் பாருங்க. கண்ணைக் கட்டிடுங்க. உங்க முகத்தைப் பார்த்தே சொல்லிடுவாரு."

முகத்தைப் பார்த்துச் சொல்ல நான் என்ன புஸ்தகமா? போனைப் படாரென்று வைத்தேன். என் தலைத்துணியை அவிழ்த்து அவர் கண்ணை இறுகக் கட்டினேன்.

"என்னடி விளையாட்டு, வண்டிக்கு நேரமாச்சு."

"வாயை மூடு."

ஒரு கிண்ணத்தில் அப்போதுதான் வடிந்த நாரத்தம்பூத் தண்ணீர். இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். பூத்தண்ணீரை நீட்டினேன். மோந்தார். மறுபடி மோந்தார்.

"இது... தண்ணிதானே?"

குழாய்த் தண்ணீரை நீட்டினேன்.

"ஆ, இதுதான் பூத்தண்ணி! என்ன வாசம்!" என்று மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நடிக்கிறியா? என்னை அந்த டாக்டர் முன்னாடி கோமாளி ஆக்கணும்னு பாக்கறியா? வீடே மணக்குது, பக்கத்து வீட்டு நாயிக்குக்கூடத் தெரியும், உனக்குத் தெரியலையா?"

"சத்தியமாடி! எனக்கு வருதே. அடுப்புல பூ வேகுது, வாசம் வராம இருக்குமா?"

அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் என்னை இன்னும் வெறியாக்கியது. பொய் சொன்னால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம், திட்டலாம், நாலு நாள் பேசாமல் இருக்கலாம். இவரோ வராத வாசனையை வருகிறதென்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எத்தனை வருஷமாக இப்படி? வெள்ளிக்கிழமை தோறும் சட்டியைத் திறக்கும்போது இவர் சொன்ன 'ஆஹா' எல்லாம் எதைப் பார்த்துச் சொன்ன 'ஆஹா'? செத்துப்போன மாமனார் மேல் கோபம் வந்தது. டாக்டர் மேல் வந்தது. நேற்று அத்தனை கத்திய என் வாய் மேலும் வந்தது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

கிண்ணம் எதையும் எடுக்கவில்லை. குனிந்து, என் கழுத்தை அவர் மூக்குக்கு ஒரு விரல் தள்ளிக் கொண்டுபோனேன். காலையிலிருந்து பூவும் புகையும் வேர்வையும் ஊறிய கழுத்து. இருபத்தாறு வருஷமாக முகம் புதைத்துத் தூங்குகிற கழுத்து. மூச்சுப் படாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் நிதானமாக மோந்தார். இந்தத் தடவை தயங்கவே இல்லை.

"தண்ணி," என்றார். "வெறும் தண்ணி. இதுல எனக்குச் சந்தேகமே இல்ல. சரியா?"

கண் கட்டியபடியே, ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டு இருந்தார்.

"தப்புய்யா," என்றேன். "அது நான்."