பத்து மணிக்குப் பின் வந்த பிச்சிப்பூ

முப்பத்தோரு வருஷம் தனக்காக மோந்து மோந்து தேய்ந்த மூக்கைத் தெருவில் தள்ளிய வஸ்ரோ, மூன்றே மாதத்தில் அதே மூக்கைத் தேடி வாசலில் வந்து நின்றார். அவர் பிரான்சின் கிராஸ் ஊரில் பெரிய வாசனைத் திரவிய ஆலைக்கு முதலாளி. அந்த மூக்குக்குச் சொந்தக்காரன் ஒனொரேன் அவரை உள்ளே கூப்பிடவில்லை. தான் மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

பாரிஸ் மேடையில் ஏறி, 'ஸொலீன்' தன் மூளையில் உதித்த வாசனை என்று கூசாமல் சொன்னவர் இந்த ஆள்தான். "அது நான் செஞ்சது" என்று ஒனொரேன் கூட்டத்தில் எழுந்து சொன்னான். மறுநாளே வேலை போயிற்று. கலவைக் குறிப்பு ஆலையிலேயே தங்கிவிட்டது.

"குறிப்புல இருக்கறபடிதான் புது ஆள் கலக்குறான். சோப்புத் தண்ணி மாதிரி வருது. என்னத்தய்யா மறைச்சே?"

"உங்க மூளையில உதிச்சதுதானே முதலாளி? அதையே கேளுங்க."

"திமிரப் பாரு! இந்த மாசமும் சரியா வரலேன்னா ஸொலீனையே நிறுத்திப்புடுவேன்."

ஒனொரேன் நாற்காலியை விட்டு எழுந்தான். பேர் போனால் போகட்டும். ஆறு வருஷம் தூக்கமில்லாமல் பெற்ற பிள்ளை, எவன் வீட்டிலாவது உயிரோடு இருக்கட்டுமே!

"விடியக் கருக்கல்ல பறிச்ச பிச்சியத்தானே போடுறீங்க?"

"பின்னே? பத்து மணிக்கு மேல வர்ற பூவ எடையே போடுறதில்லையே."

"நான் போட்டது அந்தப் பூதான். பூக்காரி நொரீன், மலையிலேருந்து அதச் சுமந்து நடந்து வர்றதுக்குள்ள வெயில்ல வாடி, லேசா நாற ஆரம்பிச்சிடும். நீங்க திருப்பி அனுப்புவீங்க, நான் பின்வாசல்ல வாங்கிக்குவேன். அந்த நாத்தம்தான் ஸொலீனுக்கு உயிர். குறிப்புல வெறும் 'பிச்சி'ன்னு எழுதிட்டேன், அதான் என் தப்பு."

வஸ்ரோவின் முகம் சிவந்தது. "அழுகின பூவா? என் சரக்குலயா? ஊர் காறித் துப்பட்டும்னு பாக்குறியா, நன்றி கெட்ட நாயே!"

"ஒரு தடவ போட்டுத்தான் பாருங்களேன்!"

அவர் வாசற்படியில் துப்பிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் கடைசியில் ஸொலீன் நின்றது. சேதி கேட்டு ஒனொரேன் ஆலை வாசலுக்கு ஓடினான். அங்கே, "நாசமாப் போறவனுங்க!" என்று திட்டிக்கொண்டே நொரீன், ஆலையில் திருப்பி அனுப்பிய பூக்கூடையைச் சாக்கடையில் கவிழ்த்தாள். வெயிலில் குப்பென்று எழுந்தது வாசனை. அவன் பிள்ளையின் வாசனை. மாடியில் வஸ்ரோ மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார்.