பால்வண்ணத்தின் முதுகுக் கதவு

ஆவாரங்காட்டில் நாற்பது வயது நிறைந்தவர்களுக்கு முதுகில் ஒரு கதவு முளைத்துவிடும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், டிபன் பாக்ஸ் மூடி அளவில் இருக்கும். கைப்பிடி வெளிப்பக்கம்தான் என்றாலும் கை எட்டாது. அதனால் அவரவர் கதவை அவரவர் திறக்க முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி முடிந்து வெயில் தணிந்ததும், வீட்டில் உள்ள யாராவது திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இதயம் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கல்லீரல் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். ஒட்டடை இருந்தால் தட்டிவிட்டுச் சாத்திவிடுவார்கள்.

சில பேருக்கு மட்டும் உள்ளே யாராவது உட்கார்ந்திருப்பார்கள். மடியில் ஒரு பை இருக்கும். பை திறக்காமல் இருந்தால் கவலையில்லை. ஒரு வாய் காப்பி கொடுத்து, நல்லபடியாகப் பேசி, பஸ் ஏற்றிவிட்டுவிடலாம். பையைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்துவிட்டார் என்றால்தான் சிரமம். ஜவுளிக்கடை அந்தோணிமுத்து வருஷக்கணக்காகக் கதவைக் காட்டாமலே இருந்தார். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதே என்று ஒருநாள் திறந்து பார்த்தால், உள்ளே வந்தவர் விலா எலும்பில் கொடி கட்டி லுங்கி காயப்போட்டிருந்தார். மச்சினனையும் வரவழைத்து வைத்திருந்தார். அவர்களைக் காலி பண்ண மதுரையிலிருந்து ஆட்கள் வர வேண்டியதாயிற்று. அந்தோணிமுத்து பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் துணி கிழிக்கிற சத்தம் அடுத்த கடைக்குக் கேட்டதில்லை.

இதெல்லாம் தெரிந்தும், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் நடத்துகிற பால்வண்ணம் தன் கதவை ஒருமுறைகூடக் காட்டவில்லை. நாற்பது தாண்டி ரொம்ப நாளாயிற்று. சட்டைக்கு மேல் ஒரு துண்டைப் போட்டு முதுகை மறைத்துக்கொண்டே திரிந்தார். பயம் என்று ஒப்புக்கொண்டதில்லை. அவர் நியாயம் வேறு. லாட்ஜில் தங்குகிறவனுக்கு ஏதாவது வேண்டும் என்றால் மணி அடிப்பான். அடித்தால் போய்ப் பார்க்க வேண்டும். அடிக்காத ரூமுக்குப் போய் ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது. உடம்பும் அப்படித்தான் என்பார். தனக்கு ஒரு மணியும் அடிக்கவில்லை, காலையில் எட்டு இட்லி தங்குதடையில்லாமல் இறங்குகிறது என்பார்.

அவர் மனைவி உலகம்மாள் வருஷாவருஷம் டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வைத்துக்கொண்டு கேட்டுப் பார்ப்பாள். சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். இந்த வருஷம் வெங்காயம் உரித்துக்கொண்டே வேறு ஏதோ கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“மாடி ரூம்ல ஒருத்தன் ஃபேனக் கழட்டிப் பையில வச்சான்லா, அவன எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?”

“கதவத் தட்டிப் பாத்தேன்.”

“அவன் மணி அடிச்சானோ?”

“திருட வந்தவன் எங்கட்டி மணி அடிப்பான்? சத்தமே இல்லையேன்னுதான் தட்டுனேன்.”

உலகம்மாள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது பால்வண்ணத்தின் காதில் விழுந்தது. துண்டையும் சட்டையையும் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தார்.

கீல் துருப்பிடித்திருந்தது. உலகம்மாள் தேங்காயெண்ணெய் விட்டு, ஊறவிட்டு, மெல்ல இழுத்தாள். திறந்ததும் பால்வண்ணத்துக்கு உள்ளே குளிர்ந்த காற்று புகுந்தது. அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“என்னட்டி, ஒட்டடையா?”

“ஒரு ஆளு இருக்காவ.”

“தண்ணி குடுத்தியா?” என்றார் பால்வண்ணம். தொழில் பழக்கம் அது.

வந்தவர் கல்லீரலுக்குப் பக்கத்தில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். கோடு போட்ட சட்டை, படிய வாரின தலை. உலகம்மாளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். இப்போதுதான் வந்தேன், யாருக்கும் இடைஞ்சல் பண்ணவில்லை என்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தாள். ஜிப் பாதி திறந்திருந்தது. பல் விளக்குகிற பிரஷ் மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தது.

எந்த ஊர் என்று விசாரித்தாள். இந்த இடம் ஈரம், உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பார்த்தாள். அவர் அதெல்லாம் இல்லை என்றார். நல்ல கதகதப்பு, இட்லி நேரத்துக்கு வந்துவிடுகிறது, அடுத்த வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்துவிடலாம் என்றிருக்கிறேன் என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

உலகம்மாள் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இந்த எடம் காலியா இல்லைங்க. கெழவனாகிப் பல்லு போற வரைக்கும் இவுகளே இருக்கணும்னு நான் சொல்லி வச்சிருக்கிற எடம்.”

வந்தவர் யோசித்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிரஷ்ஷை உள்ளே போட்டு ஜிப்பை மூடினார்.

வெளியே இறங்கிக் காப்பி குடித்து முடிப்பதற்குள் அவர் எல்லாரையும் போல உயரமாகிவிட்டார். மூன்று பேருமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். பையைப் பால்வண்ணம்தான் தூக்கிக்கொண்டார். போகிற வழியில் உலகம்மாள் புருஷனைச் சற்றுப் பின்னால் இழுத்து விஷயத்தைச் சொன்னாள். மற்ற விருந்தாளிகளிடம் சொல்கிற மாதிரி இவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லிவிடக்கூடாது. ‘வாங்க’ என்று காதில் விழுந்தால் திரும்ப வந்துவிடுவார், குடும்பத்தோடு. வெறுமனே ‘போங்க’ என்றுதான் சொல்ல வேண்டும். அதையும் கதவுக்குச் சொந்தக்காரர் வாயால்தான் சொல்ல வேண்டும்.

அந்த வார்த்தையைத் தனியாகப் பால்வண்ணம் யாரிடமும் சொன்னதில்லை. ஃபேன் திருடினவனைப் போலீஸ் கூட்டிப்போகும்போதுகூட அவனிடம் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் கையெடுத்துக் கும்பிட்டார்.

பஸ் வந்தது. வந்தவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக் காத்திருந்தார். டிரைவரும் விஷயம் தெரிந்தவர், வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்.

“போயி…” என்றார் பால்வண்ணம்.

வந்தவர் முகம் மலர்ந்தது. கை மெல்ல ஜிப்புக்குப் போனது.

உலகம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சுண்டுவிரல் மட்டும் அவர் வேட்டி ஓரத்தைப் பிடித்திருந்தது. பால்வண்ணம் வாயில் இருந்ததை விழுங்கினார்.

“போங்க.”

மெதுவாகத்தான் சொன்னார். இத்தனை வருஷமும் சொல்லாமல் சேர்ந்துகிடந்த சொல் அது, ஒரு ஆளோடு நிற்கவில்லை. வந்தவர் தலையாட்டினார், பஸ் போனது. பின்னால் நின்ற பஸ்ஸும் போனது. வேர்க்கடலைக்காரர் தள்ளுவண்டியோடு போனார். டீக்கடை, பாய்லர் கொதிக்கக் கொதிக்க, அப்படியே கிளம்பியது. கடைசியில் பஸ் ஸ்டாண்டின் சிமெண்ட் கூரை தூண்களைத் தூக்கிக்கொண்டு, சாலையின் இடது ஓரமாக, மற்றவர்கள் பின்னாலேயே நடந்து போனது.

உலகம்மாள் பால்வண்ணத்தின் முதுகைத் தடவி, கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு பேரும் வெறும் மைதானத்தைக் கடந்து லாட்ஜைத் திறக்கப் போனார்கள்.

இப்போதெல்லாம் ஆவாரங்காட்டுக்காரர்கள் வெளியூர் போக வேண்டும் என்றால், பஸ் ஸ்டாண்ட் எந்த ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கொஞ்சம் சீக்கிரமாகவே வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்.