பத்தொன்பது பேர் வந்திருந்தனர்

எங்கள் சபை வாலிபர் சங்கத்துச் செயலாளர் கனகதாஸ் அண்ணனைப் போல எழுதுகிற ஆளை நான் எங்கும் பார்த்ததில்லை. பூவாருக்கு ஒரு நாள் உலாப் போனோம் என்றால், வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, ஆரம்ப ஜெபம் யார் செய்தது, என்ன பாட்டுப் பாடினோம், யார் யார் வந்திருந்தார்கள், முடிவு ஜெபம் யார் என்று எல்லாமே அன்று மாலைக்குள் கறுப்பு அட்டை போட்ட மினிட்ஸ் புத்தகத்தில் ஏறிவிடும். அடித்தல் திருத்தல் ஒன்று இருக்காது. அச்சில் வார்த்தது மாதிரி எழுத்து. அந்தப் புத்தகத்தில் ஏறாதது எங்கள் பெயர் மட்டும்தான்.

எங்கள் என்றால் பெண்களின் பெயர். சங்கத்தில் பெண்கள் உறுப்பினர் கிடையாது. ஆனால் சங்கம் போகிற இடத்துக்கெல்லாம் நாங்களும் போயாக வேண்டும். ஆரியங்கோட்டுப் பக்கம் ஊழியத்துக்குப் போனால் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது நாங்கள், மரச்சீனிக் கிழங்கு அவிப்பது நாங்கள், தேயிலை போடுவதும் நாங்கள். கடைசியில் புத்தகத்தில் ஒரு வரி வரும்: 'தேநீர் வழங்கிய சகோதரிகளுக்கு நன்றி.' அவ்வளவுதான் எங்கள் பங்கு.

நான் அப்போது டிரெயினிங் முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். வயது இருபத்துமூன்று. லீலாபாய் என்று ஒரே ஒரு தடவை அந்தப் புத்தகத்தில் ஏறிவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"அண்ணே, எனக்க பேர எழுதினா ஒங்க மை தீந்து போவுமா?" என்று ஒரு நாள் நேராகவே கேட்டேன்.

"மக்கா, சங்கத்துக்குச் சட்டம் உண்டு. நான் என்ன செய்ய?"

"அந்தச் சட்டத்த எழுதினது யாராக்கும்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்" என்றார்.

ஐம்பத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம் இலங்கையிலிருந்து சபைக்கு ஒரு கடிதம் வந்தது. மலைத் தோட்டம் ஒன்றில் தேயிலை கிள்ளுகிற ஜனங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தோட்டத்துத் துரை பழைய கிட்டங்கி ஒன்றை விட்டுத்தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஜனவரிக்குள் ஆசிரியர் வந்தால் அது பள்ளிக்கூடம், வராவிட்டால் அதில் உரமூட்டை அடுக்கிவிடுவாராம். எட்டு மாதம் தங்கி ஊழியம் செய்ய உங்கள் வாலிபர்களை அனுப்புவீர்களா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் போதகர் சுவாமிதாஸ் ஐயர் அதைப் பிரசங்க பீடத்திலேயே வாசித்தார். எங்கள் சபையிலிருந்து கடல் தாண்டிப் போகப்போகிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரே பெருமை. கனகதாஸ் அண்ணன் தலைமையில் நான்கு ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் தேயிலை போட்டுக் கொடுத்தேன். நன்றி வரி வந்தது.

அதற்குள் ஆகஸ்ட் வந்துவிட்டது. மலையாள ராஜ்யத்துக்குள் இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று அப்போது எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. பாறசாலையிலிருந்து அமரவிளைக்கு ஒரு ஊர்வலம். எங்கள் சங்கத்து ஆண்கள் பத்தொன்பது பேரும் போனார்கள். சங்கம் போகும்போது நாங்கள் போகாமல் இருப்போமா? நான், என் சினேகிதி ரத்னபாய், இன்னும் இரண்டு பெண்கள், ஆக நாலு பேர் செம்புப் பானையில் தேயிலையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே போனோம். ரோட்டோரத்தில் ஆரம்ப ஜெபம் கூட நடந்தது. போராட்டத்துக்கு ஜெபம் செய்து கிளம்பின கூட்டம் உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அமரவிளை எட்டுவதற்கு முன்பே போலீஸ் தடியோடு பாய்ந்தது. நம்முடைய சிங்கங்கள் ரோட்டோரத்து மரச்சீனித் தோட்டமான விளைக்குள் பாய்ந்து போன வேகத்தைப் பார்க்க வேண்டுமே! குற்றம் சொல்லவில்லை, முதுகில் அடி விழுந்தால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் பேனர் ரோட்டில் கிடந்தது. 'எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு' என்று நான் என் கையால் தைத்த துணி அது. அதைப் பூட்ஸ் காலால் மிதித்துவிடுவார்களே என்று பானையைக் கீழே வைத்துவிட்டு ஒரு கம்பை நான் தூக்கினேன். மறு கம்பை ரத்னபாய் தூக்கினாள். பூனையைக் கண்டால் பயப்படுகிறவள் அவள். மற்ற இருவரும் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார்கள். நாலு பேரும் தொண்டை கிழியக் கோஷம் போட்டோம். பெண்களை அடிக்கவா வேண்டாமா என்று போலீஸ்காரர்கள் விழித்துக்கொண்டு நின்றதில் பத்து நிமிஷம் போயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் விளைக்குள் ஓடினவர்கள் எல்லோரும் தப்பினார்கள்.

அன்று சாயங்காலம் கனகதாஸ் அண்ணன் ஒரு செருப்போடு வந்து சேர்ந்தார். வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? புத்தகத்தை எடுத்து எழுதினார். ஊர்வல நடவடிக்கைக் குறிப்பு! ஆரம்ப ஜெபம், கோஷங்கள், தடியடி, பிறகு பத்தொன்பது பேரின் முழுப் பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர். உலகத்தில் எந்தப் போராட்டக்காரனாவது இப்படிச் செய்வானா? எங்கள் சங்கத்தான் செய்வான்.

"எங்க நாலு பேரு பேரு எங்கண்ணே?"

"தேயிலைக்கு நன்றி எழுதியிருக்கேன், மக்கா."

"பேனரத் தூக்கினது தேயிலையா? போலீஸுக்கு முன்ன நின்னது தேயிலையா?" எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, கோபம். "போங்கண்ணே, இனி ஒங்களுக்கு நான் பச்சத் தண்ணி கூடத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சில நாளில் மார்த்தாண்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதன் பிறகு வீடு வீடாகத் தேடல். ஆலயத்தை அடுத்த அறையில் அந்தப் புத்தகம் போலீஸ் கையில் கிடைத்தது. அவர்களுக்கு வேலையே இல்லை. பெயர், தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம் அச்சில் வார்த்தது மாதிரி. பத்தொன்பது பேரையும் தேங்காய் பொறுக்குவது போலப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் விட்டாலும், வழக்கு உள்ளவனுக்கு பாஸ்போர்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

நவம்பரில் சபைக் கமிட்டி கூடியது. இலங்கைக்கு, வர முடியவில்லை மன்னியுங்கள் என்று எழுதிவிடலாம் என்றார்கள். கனகதாஸ் அண்ணன் மூலையில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவோரத்தில் நின்றிருந்தேன்.

"நான் போறேன்" என்றேன்.

ஒரே கூச்சல். பெண்பிள்ளை கடல் தாண்டுவதா, துணை யார், ஊர் என்ன சொல்லும்? 

"நான் டிரெயினிங் முடிச்ச டீச்சராக்கும். ரத்னபாய் ஆசுபத்திரியில நர்ஸ் வேல படிச்சவ. எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவும் புண்ணுக்கு மருந்து வைக்கவும் மீசை வேணுமா?"

சுவாமிதாஸ் ஐயர் சிரித்துவிட்டார். "பிள்ள சொல்லுதது செரிதான். அந்தப் பிள்ளைங்க ஜனவரிக்குக் காத்திருக்கு. இவளுக்க பேரு எந்தப் புத்தகத்திலயும் இல்லியே" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னதுதான். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் அறிக்கை வேண்டும். நானும் ரத்னபாயும் ஸ்டேஷனுக்குப் போனோம். மேஜை மேல் எங்கள் கறுப்பு அட்டைப் புத்தகம். சப்-இன்ஸ்பெக்டர் மலையாளம் பேசுகிறவர், தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்று ஊர்வலத்துப் பக்கத்தை வாசித்தார். பத்தொன்பது பெயரும் முடிந்தது.

"நின்றெ பேரு இதில் உண்டோ?" என்று சப்-இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

"இல்ல, சாரே."

அந்த 'இல்ல' சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கான்ஸ்டபிள் கடைசி வரியையும் வாசித்தார். தேநீர் வழங்கிய சகோதரிகள்.

"இது ஆராணு?"

ரத்னபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஞங்ஙளாணு, சாரே. ஞானும் இவளும்."

சப்-இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "சாயையிட்டதினு ஆரெங்கிலும் கேஸெடுக்குமோ?" என்றார், தேயிலை போட்டதற்கு யாராவது வழக்குப் போடுவார்களா என்று. சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டார்.

பேனரைத் தூக்கினதும் நாங்கள்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரத்னபாய் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள், இரண்டு நாள் கன்றிப்போய்க் கிடந்தது. வாயை மூடிக்கொண்டேன். கேட்டதற்கு உண்மையைச் சொன்னேன், கேட்காததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடம் உரமூட்டைக்குப் போயிருக்கும். என்றாலும் அந்தச் சிரிப்பு எட்டு மாதமும் காதுக்குள் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறும்போது ரத்னபாய் வாந்தி எடுத்தாள், நான் பாட்டுப் பாடினேன். மலைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே கிட்டங்கியைக் கழுவி நாற்பத்தொரு பிள்ளைகளை உட்கார வைத்தோம். முதல் பாடமாக அ, ஆ சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் பெயரைத்தான் முதலில் எழுதக் காட்டினேன். ஏனென்று உங்களுக்கே தெரியும். ரத்னபாய் அட்டை கடித்த கால்களுக்கெல்லாம் மருந்து வைத்தாள். எங்கள் பேச்சைக் கேட்டு அந்த ஜனங்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள், ஆனால் ஒரு நாள் கூட எங்களை அந்நியமாக நினைத்ததில்லை.

ஒரு நாள் வீராயி என்று ஒரு அம்மாள் கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தாள். நாற்பது வயது இருக்கும். "டீச்சரம்மா, எனக்கும் என் பேரை எழுதக் காட்டுங்க. எங்கே போனாலும் கைநாட்டு வச்சே பழகிப்போச்சு" என்றாள். மூன்று வாரம் ஆயிற்று. பலகையில் தன் பெயரைத் தானே எழுதி முடித்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். இது கோபம் இல்லை, நிஜமான அழுகை.

ஐம்பத்தைந்து செப்டம்பரில் திரும்பினோம். பாறசாலையில் பஸ் நிற்கிற இடத்தில் சபையே நின்றது. பாட்டு, மாலை, என் அம்மா தங்கபாயின் ஒப்பாரி மாதிரியான ஆனந்தம், எல்லாம் உண்டு. போன நவம்பரில் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டவர்தான் முன்னால் நின்று பெட்டியைத் தூக்கினார். எனக்குத் தலை ஒரு சாண் உயர்ந்துவிட்டது, மறைக்க மாட்டேன்.

ஆலயத்தில் வரவேற்பு. கனகதாஸ் அண்ணன் தட்டில் தேயிலை கொண்டுவந்தார். அவரே போட்டதாம். ஒரே புகைநாற்றம்.

"எப்படி உண்டு, மக்கா?"

"தேயிலை விளையுத நாட்டுல இருந்து வாறேன். அதனால உண்மையச் சொல்லப்பிடாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மேஜை மேல் புது மினிட்ஸ் புத்தகம் இருந்தது. பழையது வழக்கோடு இன்னும் போலீஸில் கிடக்கிறதாம். மனிதர் சும்மா இருப்பாரா? போனதையெல்லாம் நினைவிலிருந்து மறுபடி எழுதிவைத்திருந்தார். நான் ஊர்வலத்துப் பக்கத்தைப் புரட்டினேன். 'பத்தொன்பது பேர் வந்திருந்தனர்' என்று இருந்தது. அதற்குக் கீழே வெறும் இடம்.

"பேரு ஒண்ணும் எழுதலியாண்ணே?"

"கேஸ் நடக்குல்லா, மக்கா. ஒருக்க எழுதி எல்லாரையும் ஜெயில்ல ஏத்தினது போதும்." பாவம், அந்த ஒரு வருஷமும் அவர் அதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

நான் அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன்.

"லீலா! என்ன செய்யுத? இது போலீஸ் கையில கிட்டினா ஒன்னயும் பிடிப்பானுவ. பிறகு ஒருக்காலும் கடல் தாண்ட விடமாட்டானுவ."

"பிடிக்கட்டும். சாயா போட்டவளுன்னு ஒருத்தன் சிரிச்சிட்டு என்ன விட்டான். அது எனக்கு இப்பவும் ஆறல்ல."

லீலாபாய் என்று எழுதினேன். தகப்பன் பெயர், வீட்டுப் பெயர் எல்லாம். பேனாவை நீட்டுவதற்கு முன்பே ரத்னபாய் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின், அன்று எங்களோடு ரோட்டில் நின்ற அந்த இரண்டு பெண்களும் எழுதினார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து தன் பெயரைத் தானே எழுதினார். அடுத்தவர் வந்தார். பத்தொன்பது பேரும் வந்தார்கள், கடைசியாகக் கனகதாஸ் அண்ணன்.

அடுத்த வருஷம் எல்லை போட்டார்கள். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் மலையாள ராஜ்யம், அதற்குள் நாங்கள். நாங்கள் கேட்டது கிடைக்கவில்லை. அதற்காக அன்று ரோட்டில் நின்றது இல்லை என்று ஆகிவிடுமா?

அன்றைக்குத் தன் பெயரை எழுதி முடித்த கனகதாஸ் அண்ணன் பேனாவை மூடாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'பத்தொன்பது' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, பக்கத்தில் 'இருபத்துமூன்று' என்று எழுதினார். அவர் எழுத்தில் நான் பார்த்த ஒரே அடித்தல் அதுதான்.