தர்ஷினி சொல்லாத சொல்

மகள் போன பிறகு முனிவேல் திருந்திவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஜோதிமணிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். திருந்துகிற அளவுக்கு அவள் புருஷன் முன்னே என்ன கெட்டுக் கிடந்தான்? ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். ஷிப்ட் முடிந்தால் வீடு. எப்போதாவது கூட்டாளிகளோடு ஒரு பீர். ஞாயிற்றுக்கிழமை மகளை வண்டியில் உட்கார வைத்து ராமநாயக்கன் ஏரிப் பக்கம் ஒரு சுற்று. இதில் எதைத் திருத்த வேண்டியிருந்தது என்று அவளுக்குப் புரியவேயில்லை.

தர்ஷினி நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழையில் டெங்கு காய்ச்சல் வந்தது. ஓசூரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்ததும், பெங்களூருக்குக் கொண்டுபோங்கள் என்று கையை விரித்தார்கள். ஆம்புலன்ஸ் கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தும் பிள்ளை பிழைக்கவில்லை.

கொஞ்ச நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தார்கள். பிறகு முனிவேலின் கம்பெனியில் யாரோ அவனை 'புதிய நான்' என்ற வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். சேலத்திலிருந்து வந்து ஓசூரில் ஆபீஸ் போட்டிருந்த மணிகண்டன் என்பவர் நடத்துகிற வகுப்பு. அதன்பின் முனிவேல் விடியும் முன்னே எழுந்தான். பச்சைத் தண்ணீரில் குளித்தான். சாலையில் ஓடினான். டீயை விட்டான், பீரை விட்டான். கண்ணை மூடி உட்கார்ந்து தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தான். அவனுக்கு எது ஆறுதலோ அதைச் செய்யட்டும் என்றுதான் ஜோதிமணி இருந்தாள்.

ஒருநாள் அவள் வயரிங் கம்பெனியில் வேலை முடிந்து வந்தபோது, சுவரில் இருந்த தர்ஷினியின் படத்தைக் காணோம்.

"பழசையே பாத்துக்கினு இருந்தா மனசு முன்னால போவாதுன்னு சார் சொன்னாரு. பீரோவுல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றான்.

அவள் அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வெங்காயத்தால் மட்டும் வரவில்லை. முனிவேல் பின்னாலேயே வந்து நின்றான்.

"அழுவறதும் ஒரு பழக்கந்தான் ஜோதி. மனசு வெச்சா மாத்திக்கலாம்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "மூச்சு உடறதும் பழக்கந்தான். அதையும் மாத்திக்கலாமா?"

அவன் வெளியே போய்விட்டான்.

இருந்தும் அவன் விடவில்லை. ஒரு தடவை வந்து பார், எனக்காக வா என்று கெஞ்சிக்கொண்டே இருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் போனாள். பாகலூர் சாலையில் ஒரு கல்யாண மண்டபம். கம்பெனி ஆட்கள், கடைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த பெண்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் மேடையில் கோட்டு போட்ட மணிகண்டன் காதோடு மாட்டிய மைக்கில் பேசிக்கொண்டு நடந்தார். கவலை என்பது நாமே சுமக்கிற மூட்டை, இறக்கி வைக்க யாரும் தடுக்கவில்லை என்றார். ஜோதிமணிக்குக் கொட்டாவி வந்தது.

அப்புறம் அவர் முனிவேலை மேடைக்குக் கூப்பிட்டார். அவன் பேசப்போவது அவளுக்குத் தெரியாது. காலையில் அவன் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

முனிவேல் காய்ச்சலைச் சொன்னான், ஆம்புலன்ஸைச் சொன்னான். "அத்திப்பள்ளி தாண்டறப்ப எம் பொண்ணு என் கையப் புடிச்சிக்கினா. அப்பா, நான் இல்லன்னாலும் நீ ஜெயிக்கணும்ப்பான்னு சொன்னா. அதான் அவ கடைசி வார்த்த. அந்த ஒரு வார்த்ததான் இன்னைக்கி என்ன எழுப்பி உட்டிருக்குது."

கைத்தட்டல் எழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜோதிமணியும் அந்த ஆம்புலன்ஸில்தான் இருந்தாள். தர்ஷினியின் தலை அவள் மடியில்தான் இருந்தது. பிள்ளை பாதிக் கண் திறந்து, "அம்மா, என் செருப்பு ஒண்ணு உழுந்துடுச்சு" என்றாள். நர்சிங் ஹோம் வாசலில் அவளைத் தூக்கி ஏற்றும்போது ஊதா நிறச் செருப்பு ஒன்று நழுவி விழுந்திருந்தது. "வரப்ப எடுத்துக்கலாம் சாமி" என்று சொன்னது முனிவேல்தான். அதன்பின் பிள்ளை பேசவில்லை.

மேடையில் மணிகண்டன் முனிவேலின் தோளில் கை போட்டார். "இவருக்கு அந்தக் குழந்தை மகள் இல்லைங்க. குரு."

ஜோதிமணி எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை.

"சார், எம் பொண்ணு யாருக்கும் குரு இல்ல. நாலாவது படிச்ச புள்ள. அவ அப்டி சொல்லவும் இல்ல."

எல்லாத் தலைகளும் திரும்பின. முனிவேல் மேடையில் விறைத்து நின்றான். மணிகண்டன் மட்டும் சிரித்த முகம் மாறாமல், "அம்மா, உங்க வலி எனக்குப் புரியுது. வலிய உட மனசு வராதவங்க இப்படித்தான் முதல்ல கோபப்படுவாங்க. அது குணமாகறதோட முதல் படி. எல்லாரும் இந்தத் தாய்க்காக ஒரு தடவை கைத்தட்டுங்க" என்றார்.

மண்டபம் மொத்தமும் அவளுக்காகக் கைத்தட்டியது.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவள் வாயைத் திறந்து சொன்ன உண்மையை, இவர்கள் வியாதியின் அறிகுறியாக்கி அதற்குக் கைத்தட்டுகிறார்கள். இனி என்ன சொன்னாலும் தட்டுவார்கள். அவள் நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னாலேயே முனிவேல் வண்டியோடு வந்து கூப்பிட்டும் ஏறவில்லை. ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனாள்.

அவன் வந்ததும் கேட்டாள். "யாரு சொல்லிக் குடுத்தா அந்த வார்த்தைய?"

முனிவேல் கதவோரம் உட்கார்ந்தான். "சார்தான் கேட்டாரு, கடைசியா என்ன சொன்னான்னு. செருப்பச் சொன்னேன். அது ஜனங்களுக்குப் போய்ச் சேராது, அவ மனசுல என்ன சொல்ல நெனச்சிருப்பான்னு யோசிங்கன்னாரு. யோசிச்சேன்."

"அவ செருப்பத்தாங்க நெனச்சா. செருப்பு போயிடுச்சேன்னு நெனச்சா. உங்கள ஜெயிக்கச் சொல்ற வயசா அது? ஒம்போது வயசு புள்ள, சாவப்போறோம்னுகூடத் தெரியாம செருப்பக் கேட்டுச்சு. அது ஒங்களுக்குப் பத்தலையா?"

"அந்தச் செருப்ப என்னால சொல்ல முடியல ஜோதி. அத நெனச்சா எழுந்திரிக்கவே முடியல. இப்டி மாத்திச் சொல்லிக்கினா எழுந்திரிக்க முடியுது. வேலைக்குப் போவ முடியுது. நான் என்னதான் பண்றது?"

அவன் தேம்பினான். அதைப் பார்த்ததும் அவளால் மேற்கொண்டு கத்த முடியவில்லை. கோபம் மட்டும் தணியவில்லை. அதற்கு இலக்கான ஆள் மாறியது. பிள்ளையை இழந்து விழுந்து கிடந்தவனின் கையில் ஒரு பொய்யைக் கொடுத்து, இதைப் பிடித்து எழு என்று சொன்னவன்மேல் போய் நின்றது.

அந்த வாரமே மணிகண்டன் போட்ட வீடியோ கைபேசியில் வந்தது. முனிவேலின் பேச்சு, பின்னால் புல்லாங்குழல், கூடவே தர்ஷினியின் படம். சுவரிலிருந்து எடுத்து பீரோவில் வைத்த அதே படம். 'ஒரு மகளின் கடைசி ஆசை' என்று மேலே எழுத்து.

"படத்த நீங்களா குடுத்தீங்க?"

"கேட்டாங்க" என்றான் முனிவேல், தலையைக் குனிந்துகொண்டு.

"சட்டையப் போடுங்க. போலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மொபைல் கடைக்கு மேல் மாடியில் இருந்தது ஆபீஸ். மணிகண்டன் மரியாதையாக உட்காரச் சொல்லித் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை. வீடியோவை எடுத்துவிடும்படி சொன்னாள்.

"அம்மா, இதப் பாத்துட்டு, சாகப்போன ஒருத்தர் மனசு மாறிட்டதா மெசேஜ் போட்டிருக்கார். உங்க பொண்ணால ஒரு உசுரு பொழச்சிருக்கு. இத எடுக்கச் சொல்றீங்களா?"

ஜோதிமணி ஒரு நிமிஷம் தடுமாறித்தான் போனாள். அது உண்மையாகவும் இருக்கலாம். முகம் தெரியாத ஒருவன் எங்கோ உயிரோடு இருப்பதில் அவளுக்கென்ன வருத்தம்?

"அவரு நல்லா இருக்கட்டும் சார். அதுக்கு எம் புள்ள வாயில ஏன் பொய்ய வெக்கணும்?"

"பொய்யின்னு ஏன் பாக்கறீங்க? நடந்த உண்மைன்னு ஒண்ணு இருக்கு, உணர்ந்த உண்மைன்னு ஒண்ணு இருக்கு."

"உங்க அப்பா இருக்காருங்களா?"

மணிகண்டன் இதை எதிர்பார்க்கவில்லை. "இல்லைங்க. தவறிட்டார்."

"போறப்ப என்ன சொன்னாரு?"

அவர் பேனாவை மூடினார், திறந்தார். "நான் பக்கத்துல இல்ல."

"அப்ப நீங்களே ஒண்ணு யோசிச்சி, அவரு வாயில வெச்சி, புல்லாங்கொழல் போட்டு உடுங்க. எத்தினி பேரு வேணாலும் பொழைக்கட்டும். எம் புள்ளைய உட்டுடுங்க."

மணிகண்டன் அவளை விட்டு முனிவேல் பக்கம் திரும்பினார். "பேசினது நீங்க. நீங்க சொன்னா எடுத்துடறேன். ஆனா முனிவேல், இவ்வளவு தூரம் வந்துட்டு மறுபடி பழைய எடத்துக்கே போறீங்க. அத யோசிச்சுக்கோங்க."

முனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இல்லை என்று சொன்னால் தனியாகவே கீழே இறங்கிப் போய்விடுவது என்று ஜோதிமணி தீர்மானித்திருந்தாள்.

"எடுத்துடுங்க சார்" என்றான். பிறகு, யாரும் கேட்காமலே, "அவ செருப்பத்தான் கேட்டா. ஊதா கலரு. ஒண்ணு உழுந்துடுச்சுன்னு சொன்னா" என்றான். வெளி ஆளிடம் அவன் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அதைப் பழக்கம் என்று மணிகண்டன் சொல்லவில்லை. கைபேசியை எடுத்து வீடியோவை அழித்தார்.

முனிவேல் இப்போதும் காலையில் ஓடுகிறான். வகுப்புக்குப் போவதில்லை. சில நாள் எழ முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். அன்றைக்கு ஜோதிமணியும் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். படம் சுவருக்கு வந்துவிட்டது.

அழித்த வீடியோ அழிந்துவிடவில்லை. யார் யாரோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். ஒரு காலை கம்பெனி பஸ்ஸில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுசித்ரா என்ற திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண் கைபேசியை நீட்டினாள்.

"இதப் பாருங்கக்கா, எனக்கு அழுகையே வந்துருச்சு."

புல்லாங்குழல் கேட்டதுமே ஜோதிமணிக்கு அது எந்த வீடியோ என்று தெரிந்துவிட்டது.

"பொய்யி" என்றாள். "அந்தப் புள்ள அப்டி சொல்லல."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நான் பெத்த புள்ள."

சுசித்ரா சட்டென்று கைபேசியைக் கவிழ்த்தாள். மன்னிப்புக் கேட்கப் போனவளை ஜோதிமணி பேச விடவில்லை. செருப்பைச் சொன்னாள். ஆம்புலன்ஸைச் சொன்னாள். சொல்லி முடித்தும் நிறுத்த முடியவில்லை. தர்ஷினிக்குத் தலை பின்னினால் ரகளை பண்ணுவாள் என்றாள். எதிர்வீட்டுப் பையனோடு தெலுங்கிலும் கன்னடத்திலும் சண்டை போடக் கற்றுக்கொண்டாள், திட்டுகிற வார்த்தைகளில் மட்டும் நூறு மார்க் என்றாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாய்க்குட்டியை ஒளித்துவைத்துச் சோறு போட்டாள், கேட்டால் அது தானாக வந்தது என்று சாமிமேல் சத்தியம் செய்தாள் என்றாள். முன்சீட்டுப் பெண்கள் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஜோதிமணிக்கும் வந்தது.

பஸ் கம்பெனி வாசலில் நின்றது. எல்லோரும் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

"அந்த நாய்க்குட்டி என்னக்கா ஆச்சு?" என்றாள் சுசித்ரா, வரிசையில் பின்னால் வந்து நின்று.

"லஞ்ச்ல சொல்றேன்" என்றாள் ஜோதிமணி. "மொதல்ல அந்த வீடியோவ அழி."