பெட்டிக் கடையின் கடைசிப் பக்கம்

வின்சன்ற் அண்ணை முதன்முதலில் ஃபோன் எடுத்தபோது, தன்னுடைய பெட்டிக்கடைக்கு ஒரு இணையத்தளம் வேண்டும் என்றார். வாழைக்குலையும் சோடாப் போத்தலும் தொங்குகிற கடைக்கு இணையத்தளம் எதற்கு என்று நினைத்தேன். ஆனாலும் வருகிற வேலையை விடுகிற நிலையில் நான் இல்லை. வரச் சொன்னேன். கொழும்புத்துறையிலிருந்து சுன்னாகத்துக்கு பஸ் ஏறி வந்து, வெங்காயக் கடைக்கு மேலே இருக்கிற என் அறைக்கு மூச்சு வாங்கப் படியேறி, கதிரையில் இருந்து படங்களைக் காட்டினார். தேக்கில் ஒன்று, வெள்ளைப் பூச்சில் ஒன்று, பித்தளைக் கைபிடி வைத்தது ஒன்று. அத்தனையும் சவப்பெட்டிகள்.

இணையத்தில் விற்கிற சின்னக் கடைகளுக்குத் தளம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. உள்ளதைச் சொன்னால் என்னிடம் இருப்பது ஒரேயொரு டெம்பிளேற். நிறத்தை மாற்றினால் சேலைக் கடை, படத்தை மாற்றினால் கேக் கடை. கடைக்காரருக்குத் தன் பெயர் பெரிதாகத் தெரிந்தால் போதும். எனக்கும் அது போதும் என்று ஆகிவிட்டது. புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை.

வின்சன்ற் அண்ணைக்கு வியாபாரம் பெருக வேண்டும் என்றெல்லாம் இல்லை. சாவுக்கு விளம்பரம் தேவையில்லை என்று அவரே சொன்னார். அவருடைய கரைச்சல் வேறு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள், விசா இல்லாமல் வர முடியாதவர்கள், பெட்டியாவது தங்கள் செலவில் போகட்டும் என்று அவருக்கு ஃபோன் எடுப்பார்கள். எடுத்த கையோடு அழுவார்கள். அழுகைக்கு நடுவில் இவர் தேக்கு என்ன விலை, பலா என்ன விலை என்று சொல்ல வேண்டும்.

"அழுகிறவனுக்கு விலை சொல்ல ஏலாது, பிள்ளை," என்றார். "நான் களைச்சுப்போனன். அவை தாங்களே பாத்து, தாங்களே பட்டனை அமத்தட்டும். எனக்கு உந்த ஃபோன் இனி வேண்டாம்."

அவருடைய கண்ணைப் பார்த்தால் அது பேச்சுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. மனிதர் வருடக்கணக்காக நித்திரை கொள்ளாதவர் மாதிரி இருந்தார்.

என் டெம்பிளேற்றைத் திறந்து காட்டினேன். காட்டக் காட்ட எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியின் படத்துக்குக் கீழே 'விருப்பப் பட்டியலில் சேர்க்க' என்று இதயக் குறி. 'விரைந்து வாங்குங்கள், இன்னும் இரண்டே உள்ளன' என்று சிவப்பில் மின்னுகிற எழுத்து. நட்சத்திரம் போடச் சொல்லி ஒரு கட்டம். அதில் யார் வந்து நட்சத்திரம் போடுவது? வின்சன்ற் அண்ணை சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, "இதை எடுத்து விடும், பிள்ளை" என்றார். ஒன்றிரண்டை எடுத்தால் மற்றதெல்லாம் ஆடிப்போகும். கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, வெறும் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டி வந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. இறந்தவரின் பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருந்தேன். பெற்ற தகப்பனின் பெயரை உதுக்குள் எழுதச் சொல்வதோ என்று அதையும் எடுப்பித்தார். அனுப்புகிறவர் பெயர், செத்தவீட்டு விலாசம், அவ்வளவுதான். கடைசிப் பக்கத்தில் வந்துதான் இருவரும் முட்டிக்கொண்டோம். காசு கட்டி முடிந்ததும் என் டெம்பிளேற் 'நன்றி, மீண்டும் வருக' என்று சொல்லும். அதை வாசித்துவிட்டு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தவீட்டிலை ஆராவது போட்டு வாறன் எண்டு சொல்லுறவையோ?"

சொல்லமாட்டார்கள்தான். எழும்பிப் பேசாமல் போய்விடுவார்கள். அந்த வீட்டிலிருந்து போகிறபோது வருகிறேன் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று எனக்கும் சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சரி, 'நன்றி' மட்டும் போடுவோமா என்றேன். பெட்டி வாங்கினதற்கு நன்றியோ என்றார். 'ஓடர் வெற்றிகரமாக முடிந்தது' என்று போடுவோமா என்று கேட்டேன். ஒன்றுமே எழுத வேண்டாம், பக்கத்தைச் சாம்பல் நிறத்தில் சும்மா விடும் என்றார். ஓடர் கிடைத்தது என்று மின்னஞ்சலும் வேண்டாம் என்றார். அமத்துகிறவனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டாமா என்று ஒரு தரம் கேட்டேன். செத்தவீட்டுக்கு வந்துபோகிறவனுக்கு யாரும் ரசீதுத் துண்டு எழுதிக் கொடுப்பதில்லையே என்றார். மறுபடி வாதாட எனக்குத் தெம்பு இல்லை. சாம்பல் நிறத்தில் விட்டேன்.

தளம் திறந்து சில நாட்கள் ஒழுங்காகத்தான் போனது. பிறகு சுன்னாகத்துக்குப் பக்கத்து ஊரில் பஞ்சலிங்கம் என்ற தோட்டக்காரர் செத்துப்போனார். ஒரே மகன் கோபிசங்கர் பிரான்சில். அகதி வழக்கு முடியாததால் கொள்ளி வைக்க வர வழியில்லை. பெட்டியையாவது தான் அனுப்ப வேண்டும் என்று எங்கள் தளத்துக்கு வந்து, தேக்குப் பெட்டியைத் தெரிந்தெடுத்து, காசு கட்டினான். பக்கம் சாம்பலாகி நின்றது. ஓடர் போகவில்லையாக்கும் என்று நினைத்துத் திரும்பவும் கட்டினான்.

அன்றைக்கு வின்சன்ற் அண்ணை குருநகரில் ஒரு அடக்கத்துக்குப் போயிருந்தார். கடையில் ஏரம்பு அண்ணைதான் நின்றார். பெட்டிகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை. ஒரே விலாசத்துக்கு இரண்டு பெட்டி என்று கடை ஃபோனில் வந்ததைப் பார்த்தார். யாரிடமும் கேட்கவில்லை. இரண்டையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போய், ஒன்றை இறக்கி, மற்றதையும் முற்றத்தில் இறக்கினார். பஞ்சலிங்கத்தின் மனைவி பத்மாவதி பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இது ஆருக்கு என்று யாரோ கேட்டார்கள். பெண்கள் குளறி அழத் தொடங்கினார்கள். செத்தவீட்டை வீடியோவில் நேரடியாக அனுப்பிக்கொண்டிருந்தபடியால் கோபிசங்கரும் அதைப் பார்த்தான்.

செய்தி எனக்கு வந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கொழும்புத்துறைக்குப் போனேன். செத்தவீட்டிலிருந்து திரும்பி வந்த இரண்டாவது பெட்டிக்குப் பக்கத்தில் வின்சன்ற் அண்ணை நின்றார். ஏன் கேட்கவில்லை என்று ஏரம்பு அண்ணையை நான்தான் கோபமாக அதட்டினேன். அவர் என்னை விளங்காதவர் போலப் பார்த்தார்.

"ஒரு வீட்டுக்கு நாலு ஏத்தின சண்டைக் காலமும் இருந்தது, பிள்ளை. உதெல்லாம் கேக்கிற கேள்வியோ?"

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அப்போது வின்சன்ற் அண்ணையின் ஃபோன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுக்கமாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். கோபிசங்கரின் குரல் எனக்கும் கேட்டது.

"அண்ணை, நான் அமத்தினனான். ஒண்டும் வரேல்லை. அப்பாவுக்குப் பெட்டி இல்லாமல் போயிடுமோ எண்டுதான் திரும்பவும் அமத்தினனான். உயிரோடை இருக்கிற அம்மாவுக்கும் சேத்துப் பெட்டி அனுப்பினவன் எண்டு சனம் சொல்லுது, அண்ணை."

"பிழை எங்கடை, தம்பி," என்றார் வின்சன்ற் அண்ணை. அம்மாவிடமும் தானே நேரில் போய் அதைச் சொல்வதாகச் சொன்னார். பிறகு மற்றப் பக்கத்தில் அழுகை மட்டும்தான். இவர் இடைக்கிடை "ஓம், தம்பி" என்றார். அவன் ஓய்ந்து, மூக்கை உறிஞ்சி, வைக்கிறேன் என்று சொல்லும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அங்கே நிற்கவும் முடியவில்லை, விட்டுப் போகவும் முடியவில்லை.

ஃபோனை வைத்துவிட்டு என் மடிக்கணினியைக் காட்டினார்.

"அவையின்ரை ஃபோன் இலக்கத்துக்கு ஒரு கட்டம் வையும், பிள்ளை. கடைசிப் பக்கத்திலை எழுதும். 'எங்களுக்குக் கிடைச்சிட்டுது. வின்சன்ற் இப்ப உங்களோடை கதைப்பார்.'"

"அண்ணை, உந்த ஃபோன் வேண்டாம் எண்டுதானே இவ்வளவும் செய்விச்சனீங்கள்?"

"ஓம்."

"எடுத்து என்ன சொல்லப் போறியள்?"

அவர் திரும்பி வந்த பெட்டியில் கையை ஊன்றினார்.

"ஒண்டும் சொல்லமாட்டன். அவை அழுது முடியுமட்டும் வைச்சிருப்பன்," என்றார். "விலை உந்தத் தளத்துக்குள்ளை கிடக்குதுதானே."